டவர் லொகேஷன் சாட்சியத்தை எடைபோடுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

படி 1: மூலப்பதிவைக் கேளுங்கள்

2019 ஆகஸ்டில் டென்மார்க்கில், செல்போன் தரவு பயன்பட்டிருக்கக்கூடிய சுமார் 10,700 தீர்ப்புகள் மறு ஆய்வுக்கு வந்தன. தொலைபேசி நிறுவனங்களின் பதிவுகளைக் காவல்துறைக்காக மாற்றியமைத்த மென்பொருள் சில அழைப்புகளை விட்டுவிட்டிருந்தது. சில போன்கள் தவறான டவர்களோடு சேர்க்கப்பட்டிருந்தன. பதிவே பிசகினால் கணக்குப் போட்டு என்ன பயன்?

படி 2: இரண்டு கேள்விகள்

ஒரு நகைக்கடைத் திருட்டைக் கற்பனை செய்துகொள்வோம். சந்தேக நபரின் போன் கடையருகே உள்ள டவரில் பதிவாகியிருக்கிறது. அவர் திருடியிருந்தால் இப்படிப் பதிவாக வாய்ப்பு எவ்வளவு? 0.9 என்போம். திருடவில்லை என்றால்? எல்லோரும் மறக்கும் கேள்வி இதுதான். அவர் வீடும் அதே டவரின் எல்லைக்குள் இருந்தால், தூங்கிக்கொண்டிருந்தாலும் பதிவாகும், 0.6 என்று வையுங்கள். 0.9-ஐ 0.6-ஆல் வகுத்தால் 1.5. இந்தச் சாட்சியத்துக்குக் கிட்டத்தட்ட எடையே இல்லை.

வீடு 40 கிலோமீட்டர் தள்ளி, அந்தப் பக்கம் வர வேறு காரணமும் இல்லையென்றால் இரண்டாவது எண் 0.01 ஆகலாம். விகிதம் 90. பதிவு அதேதான், எடைதான் வேறு.

படி 3: முன்வாய்ப்போடு பெருக்குங்கள்

"100 பேரில் ஒருவருக்குத்தான் இப்படி அமையும், எனவே 99 சதவீதம் இவர்தான்" என்று வாதிடுவார்கள். இதற்கு அரசுத் தரப்புப் பிழை என்றே பெயர். வேறு சாட்சியம் இல்லாமல் 1,000 பேரில் யாரும் திருடியிருக்கலாம் என்று தொடங்குங்கள். 1-க்கு 999 என்ற முன்வாய்ப்பு 90-ஆல் பெருகி 90-க்கு 999 ஆகும். அதாவது சுமார் 8 சதவீதம்!

படி 4: சேர்த்துப் பெருக்கும் முன்

டவர் பதிவு, கூகுள் மேப், டாக்ஸி செயலி என மூன்றும் ஒரே போனிலிருந்து வந்தால் அவற்றைத் தனித்தனிச் சாட்சியங்களாகப் பெருக்கக் கூடாது. இங்கிலாந்தில் தன் இரு குழந்தைகளையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட சாலி கிளார்க்கின் வழக்கில், அந்த மரணங்களைத் தொடர்பற்றவையாகக் கருதிப் பெருக்கியதால் 7.3 கோடியில் ஒன்று என்ற எண் வந்தது. 1999-ல் தண்டிக்கப்பட்ட அவர் 2003-ல்தான் விடுதலையானார்.

படி 5: ஹாஷ்

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் டிஜிட்டல் கைரேகையைக் குறிப்பிட வேண்டும். எஸ்எச்ஏ-256 முறையில் கணக்கிட்ட ஹாஷ் தற்செயலாகப் பொருந்தும் என்ற கவலை வேண்டாம். ஆனால் அது நகல் மாறவில்லை என்று மட்டுமே சொல்லும். போன் யார் கையில் இருந்தது என்று சொல்லாது.

குறுக்கு விசாரணையில்

நிபுணரிடம் தவறாமல் கேளுங்கள்: "அந்த இரண்டாவது எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள்?"