அரசு எந்திரமும் அறிவு எந்திரமும்

வளர்ந்துவரும் நாடொன்றின் அரசு, செயற்கை நுண்ணறிவைக் கையாளும் அளவுக்கு ஆயத்தமாகிவிட்டதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? இக்கேள்வியைக் கணிப்பொறித் துறை நண்பர்களிடம் மட்டும் விட்டுவிடுதல் தகாது. பொது நிருவாகம் பயிலும் மாணவன் என்ற முறையில், நம் நாட்டையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு ஆராய முற்படுகிறேன்.

முதலில் ஏட்டில் உள்ளவற்றைக் காண்போம். நிதி ஆயோக் 2018ஆம் ஆண்டு சூன் திங்களில் செயற்கை நுண்ணறிவுக்கான தேசிய உத்தியை வெளியிட்டது. மருத்துவம், வேளாண்மை, கல்வி, நகரக் கட்டமைப்பு, போக்குவரத்து ஆகிய ஐந்தும் அதில் முதன்மை பெற்றன. 2024 மார்ச்சில் நடுவண் அமைச்சரவை ‘இந்தியா ஏஐ’ இயக்கத்துக்கு ஐந்தாண்டுகளில் செலவிட 10,371.92 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. அரசுகளின் ஆயத்த நிலையைத் தரவரிசைப்படுத்தும் ‘ஆக்ஸ்ஃபோர்டு இன்சைட்ஸ்’ என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் 2019 பட்டியலில் இந்தியா 17ஆம் இடத்தில் இருந்தது. மகிழத்தக்க செய்திதான். ஆயினும் இத்தகைய பட்டியல்கள் கொள்கை ஆவணம் உண்டா, தரவு உண்டா, தொழில்நுட்ப நிறுவனங்கள் உண்டா என்று மேலிருந்து எண்ணிப் பார்ப்பவை. வட்டாட்சியர் அலுவலகச் சன்னலோரம் மனுவுடன் நிற்பவரின் இடத்திலிருந்து பார்ப்பவை அல்ல.

அங்கே நின்று பார்த்தால் என்ன தெரியும்? தெலங்கானாவில் நடந்ததைக் கூறுகிறேன். அம்மாநில அரசு ‘சமக்ர வேதிகா’ என்ற மென்பொருள் அமைப்பை உருவாக்கியது. பல துறைகளின் பதிவேடுகளை ஒப்பிட்டு, ஒரு பதிவேட்டில் உள்ளவரும் மற்றொன்றில் உள்ளவரும் ஒருவரே என்று கணிப்பது அதன் பணி. உணவு அட்டை வைத்திருப்பவரின் பெயரில் மகிழுந்து பதிவாகியிருந்தால் அவர் வறியவர் அல்லர் என்று அது சுட்டிக்காட்டும். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் எந்திரம் ஆளைப் பார்ப்பதில்லை, எழுத்தைத்தான் பார்க்கிறது. பெயரும் தந்தை பெயரும் முகவரியும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று ஒரு மதிப்பெண் இடுகிறது. அம்மதிப்பெண் குறித்த அளவைத் தாண்டினால் இருவரும் ஒருவராகிவிடுகின்றனர். ஒரே ஊரில் ஒரே பெயருடன், ஒரே பெயருடைய தந்தைக்குப் பிறந்தவர் இருவர் இருந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

இதற்கு மாறான இடரும் உண்டு. என் பாட்டியின் பெயர் லட்சுமி. ஆங்கிலத்தில் ஓர் அட்டையில் ‘எக்ஸ்’ எழுத்துடனும், மற்றோர் அட்டையில் ‘கே, எஸ், ஹெச்’ எழுத்துகளுடனும் அச்சாகியுள்ளது. பாட்டிக்கோ ஆங்கில எழுத்தே தெரியாது. எந்திரத்தின் கண்ணுக்கு அவர் இருவராகலாம்.

முன்னறிவிப்பும் களவிசாரணையும் இன்றிக் கணிப்பொறியின் கணிப்பைக் கொண்டே அட்டைகள் நீக்கப்பட்டன என்று தெலங்கானா அரசின்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. நீக்கப்பட்ட ஏறத்தாழ 19 இலட்சம் அட்டைகளையும் நேரில் சரிபார்க்குமாறு உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. நொடியில் முடிந்த வேலையைச் சரிபார்க்க, இறுதியில் மனிதர்தான் வீடுவீடாகச் செல்லவேண்டியதாயிற்று. அதற்குள் அரிசி வாங்காமற் கழிந்த மாதங்களை யார் திருப்பித் தருவார்?

நம் மாநிலம் இவ்வகையில் முன்கூட்டியே சிந்தித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2020இல் தமிழக அரசு பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. மக்கள் பயன்பாட்டுக்கு விடும்முன் ஒவ்வோர் அமைப்புக்கும் மதிப்பெண் இடவேண்டும் என்பது அதன் சாரம். பன்மை, சமன்மை, அறநெறி, அந்தரங்கப் பாதுகாப்பு, தவறான பயன்பாட்டைத் தடுத்தல், தணிக்கை, எண்ணியல் ஏற்றத்தாழ்வு என ஏழு தலைப்புகள். நமக்குப் பருவத்தேர்வுப் பட்டியல் இருப்பதைப்போல எந்திரத்துக்கும் ஒன்று! நல்ல கருத்து. ஆனால் அப்பட்டியலை நிரப்பப் பயிற்சி பெற்ற அலுவலர் ஒவ்வொரு துறையிலும் வேண்டும். நிரப்பிய பட்டியலைக் குடிமக்களும் காண வேண்டும். இல்லையேல் ஏட்டுச் சுரைக்காய்தான்.

என் மதிப்பீட்டில், ஆயத்தத்தின் அளவுகோல் விலையுயர்ந்த கணிப்புச் சில்லுகளின் எண்ணிக்கை அன்று. ‘இல்லை’ என்று எந்திரம் சொன்னபின் குடிமகனுக்குக் கிடைக்கும் வழியே ஆகும். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் மாவட்டந்தோறும் குறைதீர் அலுவலர் வேண்டும் என்கிறது. ஆகவே நாற்காலி புதிதன்று. ஆனால் அவரது மேசைக்கு எந்திரத்தின் முடிவு மட்டும் வந்து, காரணம் வராதிருந்தால் அவர் எதை விசாரிப்பார்? எந்தப் பதிவேட்டின் எந்த வரி ஒத்துப்போயிற்று என்பதும் கோப்பில் இருக்கவேண்டும். நீக்கும்முன் தமிழில் அறிவிப்பு போகவேண்டும். கிராம நிருவாக அலுவலரின் நேர்விசாரணைக் குறிப்பு, எந்திரத்தின் கணிப்பைத் தள்ளிவைக்கும் வலிமை பெறவேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. ஆள் வேண்டும், அவ்வளவே. நம்மில் பலர் தொகுதி நான்கு தேர்வு எழுதி அந்த இருக்கைகளில் அமரப்போகிறவர்கள் என்பதால் இதை இங்கு எழுதுகிறேன்.

அட்டையோ உதவித்தொகையோ நிறுத்தப்படும்போது தரப்படும் அறிவிப்புகளில் காரணம் எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை வரும் பருவத்தில் ஆய்வேடாக எழுத நானும் வகுப்புத் தோழர் ஒருவரும் இசைந்துள்ளோம். தத்தம் ஊரில் அத்தகைய அறிவிப்பு பெற்றவர் இருப்பின், அவர் இசைவுடன், பெயரை மறைத்து ஒரு படி எடுத்துத் தந்துதவ வேண்டுகிறோம்.