ஆர்க்காடும் தாலமியும்

காவேரிப்பாக்கத்திலிருந்து மேற்கே வாலாசாப்பேட்டையைக் கடந்து, பாலாற்றின் தென்கரையை அடைந்தால் ஆர்க்காடு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, தம் கிரேக்க நிலநூலில் சோரா என்பதை அர்க்காதோசின் அரசிருக்கையாகக் குறித்துள்ளார். சோரா என்பது சோழர் பெயரே. ழகரம் கிரேக்க மொழியில் இன்மையால் ரகரமாயிற்று. அர்க்காதோசு எது? தாலமியின் தொடரமைப்பு அதனை ஒரு மன்னன் பெயராகவே காட்டுகிறது. ஏனைய அரசிருக்கைகளையும் அவர் அவ்வாறே எழுதுகிறார். கால்டுவெலோ, அது ஆர்க்காடு என்னும் ஊர்ப்பெயராகலாம் என ஐயுற்றார். ஐயம் பொருளற்றதன்று. ஆர் என்பது ஆத்தி, ஆத்திமாலை சோழர்க்குரியது. ஆத்திமரம் செறிந்த காடு ஆர்க்காடாதல் இயல்பே. ஆயின், நற்றிணை ஓர் ஆர்க்காட்டைச் சோழநாட்டு அழிசிக்கு உரியதாக்குகிறது. மாணவர்களே, பாலாற்றங்கரை ஊருக்கு நாம் காட்டத்தக்க சான்று, இன்றளவும் பெயரொற்றுமை ஒன்றே.