குளிர்பதனப் பெட்டியில் காத்திருந்த குருதி

தொப்பூரில் ஒருவரிடம் எடுக்கப்படும் குருதி எளிய சோதனைக்குரியதாயின் அருகிலேயே ஆராயப்படும். அரிய சோதனைக்குரியதாயின் நெடுஞ்சாலை வழியே தருமபுரிக்கோ சேலத்துக்கோ செல்ல நேரும். அப்பயணத்தில் அது தன் இயல்பை இழந்துவிடலாகாது. உடலைவிட்டு வெளிவந்த பின்னும் குருதியணுக்கள் சர்க்கரையைச் செரித்துக்கொண்டே இருக்கின்றன. ஆகவே சர்க்கரை அளவைக் காண்பதற்கான குருதியைச் சோடியம் ஃபுளோரைடு கலந்த சாம்பல்நிற மூடிக் குழாயில் எடுக்கின்றனர். அணுக்களை எண்ணுவதற்கோ, குருதி உறையாமல் காக்கும் பொருள் கலந்த ஊதாநிற மூடிக் குழாய் வேண்டும். குழாயை முரட்டுத்தனமாகக் குலுக்கினால் செவ்வணுக்கள் உடைந்து பொட்டாசியம் கசியும்; நலமாக இருப்பவரும் முடிவுத்தாளில் நோயாளியாகிவிடுவார். பெயரையும் எண்ணையும் நோயாளியின் முன்னிலையிலேயே குழாயில் எழுத வேண்டும். நால்வரிடம் குருதி எடுத்துவிட்டுப் பின்னர் நினைவிலிருந்து எழுதுவதைவிடப் பெரும்பிழை இத்தொழிலில் இல்லை.

இத்தகைய எளிய செயல்கள் ஒரு நாட்டின் கண்ணைத் திறந்த வரலாறு ஒன்று தமிழகத்தில் உண்டு. 1985ஆம் ஆண்டின் இறுதியில், எய்ட்ஸ் மேலைநாட்டு நோய் என்றே இந்தியாவில் பலரும் நம்பினர். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். நுண்ணுயிரியல் பயின்ற தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் அப்பணியை ஒப்படைத்தார். முதலில் தயங்கிய நிர்மலா, கணவர் அளித்த ஊக்கத்தால் இசைந்தார். பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகக் காப்பிடத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம், கையுறைகூட இல்லாமல், மூன்று மாதங்களில் 80-க்கும் மேற்பட்ட மாதிரிகளைத் திரட்டினார்.

குருதி உறைந்த பின் மேலே தெளிந்து நிற்கும் நீர்மமே சீரம். நோய்க்கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் அதில் இருக்கும். பிரித்தெடுத்த சீரத்தைச் சேமிக்க வேறு வசதி இல்லாமையால், நிர்மலா தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்தார்.

எலிசா சோதனைக்கான வசதி அப்போது சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் அம்மாதிரிகள் இரவுத் தொடர்வண்டியில் காட்பாடிக்குச் சென்று, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்தன. வைரஸ் துறைத் தலைவர் ஜேக்கப் ஜான் சோதனைக்கு ஏற்பாடு செய்தார். சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது தட்டின் சிறுகுழிகளில் பூசப்பட்ட வைரஸ் புரதத்தைப் பற்றிக்கொள்ளும்; முடிவில் நிறம் தோன்றும். ஆறு குழிகள் மஞ்சளாயின.

எனினும் எவரும் உடனே முடிவுகட்டவில்லை. இந்நிதானத்தையே நான் பெரிதாகக் கருதுகிறேன். அப்பெண்களிடம் மீண்டும் குருதி எடுக்கப்பட்டது. அம்மாதிரிகள் அமெரிக்காவுக்குச் சென்று, வெஸ்டர்ன் பிளாட் என்னும் வேறொரு முறையால் உறுதிசெய்யப்பட்டன. அதன் பிறகே அரசுக்குச் செய்தி சென்றது. சட்டமன்றத்தில் நலவாழ்வுத்துறை அமைச்சர் எச்.வி. ஹண்டே அதனை அறிவித்தார். குருதியேற்றத்துக்கு முன் எச்.ஐ.வி. சோதனை செய்யும் வழக்கம் இந்தியாவில் வேரூன்றியது அதற்குப் பின்னரே.

ஆனால் தம் குருதி எதற்காக எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குத் தெரியாது. நாட்டைக் காத்த மாதிரிகள் அவர்களுடையவை. ஒப்புதல் கேட்கப்படாதவர்களும் அவர்களே. விளக்கிக் கூறி ஒப்புதல் பெறாமல் எச்.ஐ.வி. சோதனை செய்வதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் 2017ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது.