அப்பத்தாவின் கண்ணும் ஒரு நொதியும்

திண்டுக்கல்லை அடுத்த எங்கள் சிற்றூரில், என் அப்பத்தாவின் கண்ணில் நாள்தோறும் மருந்துச் சொட்டு விடுவது என் பொறுப்பு. கண் நீர் அழுத்த நோயால் வலக்கண் பார்வை போய்விட்டது. போனது திரும்பாது; இடக்கண்ணையாவது காக்க வேண்டும். மருந்துப் புட்டியில் 'டார்சோலமைடு' என்றிருந்தது. அது செய்வதென்ன என்று நூலகத்தில் தேடினேன்.

கண்ணினுள் ஒரு நீர் ஓயாது சுரந்து வடிகிறது. வடிகால் தடைப்பட்டால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும். அந்நீர் சுரக்கத் துணைபுரிவது 'கார்பானிக் அன்ஹைட்ரேஸ்' என்னும் நொதி. இதன் ஒரு மூலக்கூறு நொடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் கரியமில வாயு மூலக்கூறுகளைப் பைகார்பனேட்டாக மாற்றவல்லது! இதன் நடுவிலுள்ள துத்தநாக அணுவை மருந்து பற்றிக்கொண்டால் நொதி செயலற்றுப்போகும், சுரப்பு குறையும்.

இந்நொதியை முன்பு மனிதக் குருதியிலிருந்து பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். 1973-இல் மரபணு ஒட்டும் நுட்பம் பிறந்தபின் வேறு வழி கிடைத்தது. மனித மரபணுவை 'ஈ. கோலை' பாக்டீரியத்தினுள் புகுத்தினால், அது பெருகுகையில் மனித நொதியையும் செய்கிறது. பின் பாக்டீரியங்களை உடைத்து, அச்சாற்றைச் சல்ஃபோனமைடு இணைத்த மணிகள் நிரம்பிய குழாயில் செலுத்துவர். நொதி மணிகளில் ஒட்டிக்கொள்ளும், ஏனையவை கழுவப்படும். பிறகு வேறொரு கரைசலை ஊற்றித் தூய நொதியை விடுவிப்பர். இது மருந்தன்று, ஆய்வுக்கூடத்தில் மருந்துகளைச் சோதிக்க உதவும் பொருள்.

வியப்பு யாதெனில், டார்சோலமைடும் ஒரு சல்ஃபோனமைடே! குழாயில் நொதியைப் பிடிக்கும் அதே பிடிதான் அப்பத்தாவின் கண்ணிலும் நடக்கிறது.

இதை அவரிடம் விளக்கினேன். பள்ளி வாசலை மிதியாத அவர், "அதெல்லாம் இருக்கட்டும்யா, சொட்டு விட மறந்துராத" என்றார். தேர்வு நாட்களில் இருமுறை மறந்தவன் நான். இனி மறவேன்.