மின்சுற்றுப் பலகையும் விதைநெல்லும்

பத்தாம் வகுப்பு மாணவி



புதுவையின் நெற்களஞ்சியம் பாகூர் என்பதை நாம் அறிவோம். விதைநெல்லில் கலப்பு இருந்தால் வயல் முழுவதும் கலப்புதான் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அச்சொல் கணிப்பொறியில் மின்சுற்றுப் பலகை வரைவோருக்கும் பொருந்தும் என்பதை இவ்வாண்டு நாங்கள் பட்டறிந்தோம். அதனை உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வரையும் கருவி

வானொலி, கைப்பேசி, மின்விசிறிக் கட்டுப்பாடு ஆகிய எல்லாவற்றின் உள்ளும் ஒரு மின்சுற்றுப் பலகை உண்டு. அதனை வரைய உதவும் மென்பொருள்களுள் ஒன்று கீகேட். 1992 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஜான் பியர் ஷரா என்பவர் இதனைத் தொடங்கினார். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையமும் பின்னர் இதன் வளர்ச்சிக்கு உதவியது. விலையின்றிக் கிடைப்பதால் எம்மைப் போன்ற கிராமப்புற மாணவியரும் இதனைப் பயன்படுத்த முடிகிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி குழுவினர் உருவாக்கிய ஈசிம் என்னும் மென்பொருளிலும் வரைபடம் வரையும் பகுதி கீகேட்தான்.

நூலகம் என்றால் என்ன?

இங்கே நூலகம் என்பது புத்தகங்கள் உள்ள இடமன்று, உதிரிபாகங்களின் தொகுப்பு. ஒவ்வோர் உதிரிபாகத்துக்கும் இரண்டு படங்கள் தேவை. ஒன்று, சுற்றுப்படத்தில் வரும் குறியீடு. மற்றொன்று, பலகையில் அதன் கால்கள் பதியும் இடத்தைக் காட்டும் ஃபுட்பிரிண்ட். இவ்விரண்டையும் இணைப்பது கால்களின் எண். குறியீட்டில் 1 என்று எழுதிய கால், பலகையிலும் 1 என்ற துளைக்கே செல்லும். அந்த எண் தவறினால் மற்றவை சரியாக இருந்தும் பயனில்லை.

எங்கள் தவறு

அறிவியல் கண்காட்சிக்காக, மாடித் தொட்டி நிரம்பியதும் ஒலி எழுப்பும் கருவியைச் செய்ய எண்ணினோம். அதற்கு பிசி547 என்னும் டிரான்சிஸ்டர் வேண்டும். அது கீகேட்டின் நூலகத்திலேயே இருப்பதைத் தேடிப் பாராமல், எங்களுக்கென ஒரு நூலகம் வேண்டும் என்ற ஆர்வத்தில் 2என்3904 என்பதன் குறியீட்டைப் பிரதி எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினோம். இரண்டும் ஒரே உருவம் உடையவை அல்லவா என்று நினைத்துவிட்டோம்.

தட்டையான முகம் நம்மை நோக்க, கால்கள் கீழே இருக்குமாறு பிடித்தால், பிசி547க்கு இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்பது வரிசை. 2என்3904க்கோ எமிட்டர், பேஸ், கலெக்டர். உருவம் ஒன்று, வரிசை தலைகீழ்!

ஐந்து பலகைகள் செய்தோம். ஐந்தும் ஊமையாயின. தண்ணீர் வழிந்தது, பஸ்ஸர் ஒலிக்கவில்லை. கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறினால் டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தை மிகக் குறைவாகவே பெருக்கும் என்பது பின்னரே புரிந்தது. பேஸ் நடுவில் இருப்பதால், டிரான்சிஸ்டரைக் கழற்றித் திருப்பிப் பற்றவைத்தோம். ஐந்தும் ஒலித்தன! மகிழ்ச்சியில் துள்ளினோம்.

ஆனால் எங்கள் ஆசிரியை சிஸ்டர் அவர்கள் அமைதியாக ஒன்று கேட்டார்கள்: "பலகையைத் திருத்திவிட்டீர்கள். நூலகத்தைத் திருத்தினீர்களா? அடுத்த ஆண்டு தங்கைகள் அதையே எடுத்து வரைவார்கள் அல்லவா?"

நாங்கள் தலைகுனிந்தோம். நாங்கள் தேர்வெழுதிச் சென்றுவிடுவோம். எங்கள் தவறு மட்டும் சரியானதைப் போன்ற பெயருடன் பள்ளிக் கணிப்பொறியில் காத்திருக்கும்.

நாங்கள் கற்ற விதிகள்

1. முதலில் தேடுக. உள்ள நூலகத்தில் கிடைக்கும் பாகத்தைப் புதிதாக வரைய வேண்டாம்.

2. தாமாக வரைந்தவற்றைத் தனிப் பெயருடைய நூலகத்தில் வைக்க வேண்டும். மென்பொருளுடன் வரும் நூலகத்தில் கலக்கக் கூடாது.

3. பாகத்தைச் செய்தவர் வெளியிடும் டேட்டா ஷீட்டைப் பார்த்தே கால் எண்களை இட வேண்டும். ஒருத்தி வரைந்தால் வேறொருத்தி சரிபார்க்க வேண்டும்.

4. கால்களின் வரிசையைப் பெயரிலேயே குறித்தால் குழப்பம் குறையும்.

5. பலகையின் படத்தை உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, பாகத்தின் கால்களை அதில் குத்திப் பார்க்க வேண்டும். பல பாகங்களில் அடுத்தடுத்த கால்களுக்கு இடைவெளி 2.54 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. சந்தேகம் வந்தால் வெர்னியர் அளவியால் அளந்துகொள்ளலாம்.

6. ஒரு வேலைக்கு மட்டும் உரிய நூலகத்தை அந்த வேலையின் கோப்புறைக்குள்ளேயே வைக்க வேண்டும். அப்போதுதான் வேறு கணிப்பொறிக்குக் கொண்டு சென்றாலும் அது உடன் வரும்.

7. நூலகத்தைத் திருத்தினால் மட்டும் போதாது. முன்பு வரைந்த படத்தில் பழைய நகலே தங்கியிருக்கும். அதையும் நூலகத்திலிருந்து புதுப்பிக்க வேண்டும்.

முடிவுரை

அன்று மாலையே தவறான குறியீட்டை நீக்கினோம். சரியானதை இட்டு, பழைய படத்தையும் புதுப்பித்தோம். சரிபார்த்தவள் பெயரையும் நாளையும் ஒரு நோட்டில் எழுதிக் கணிப்பொறியின் அருகில் வைத்துள்ளோம். அந்த நோட்டில் இன்னும் நிறையப் பக்கங்கள் காலியாக உள்ளன.

தங்கையரே, அவை உங்களுக்காக. நல்ல விதைநெல்லைப் பொறுக்கி வைப்பவர் தமக்காக மட்டுமன்றி, அடுத்த பட்டத்துக்காகவும் வைக்கிறார். நாமும் அவ்வாறே செய்வோமாக!