வீட்டுக் குப்பையும் நிலத்தின் முதலும்

குடியானவர் இல்லத்தில் வீணென்று கழிக்கத்தக்க பொருள்கள் மிகச் சிலவே. தொழுவத்துக் கூளம், அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல், வாசலிற் கூட்டிய சருகு ஆகிய யாவும் நிலத்தில் விளைந்தவையே. அவை மீண்டும் நிலத்தைச் சேராவிடில், நிலம் ஆண்டுதோறும் தன் முதலை இழந்து வருகிறதென்றே கொள்ளவேண்டும்.

குப்பையைத் திறந்த மேடாகக் குவித்து வைப்பதே பல ஊர்களிலும் வழக்கம். இதனால் வெயிலில் தழைச்சத்து ஆவியாகப் போகிறது; மழையில் கரையும் சத்துக்கள் வழிந்தோடுகின்றன. தீ வைத்தாலோ தழைச்சத்து அனேகமாக முழுவதும் புகையோடு போய்ச் சாம்பலே மிஞ்சும். நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு டன்னில் ஏறக்குறைய 5 கிலோ தழைச்சத்தும், 2 கிலோ மணிச்சத்தும், 5 கிலோ சாம்பற்சத்தும் உண்டு. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலுள்ள தழைச்சத்து சுமார் 21 கிலோ. ஆகவே 4 டன் எரு, அச்சத்தைப் பொறுத்தமட்டில் ஏறத்தாழ ஒரு மூட்டைக்குச் சமமாகும். எருவின் சத்து மெதுவாகவே பயிருக்குக் கிட்டுமெனினும், மண்ணை இளக்கி ஈரத்தைக் காக்கும் குணம் யூரியாவிற்கு இல்லை.

கழிவுகளைக் கூட்டெருவாக்கும் முறையை ஆல்பர்ட் ஹோவார்டு என்பார் 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ந்து வகுத்தார். அம்முறையில் குவியலைப் பலமுறை புரட்டவேண்டும். பின்னர் பெங்களூரில் டாக்டர் சி. என். ஆச்சாரியா வகுத்த முறையிற் புரட்டும் வேலையில்லை. ஆதலின் ஆட்கூலி மிச்சமாகும். அதனைத் தழுவி இல்லங்களிற் செய்யவேண்டுவன வருமாறு:

1. கால்நடைகள் உண்ணத்தக்க கழுநீர், காய்கறித் தோல் முதலியவற்றை முதலில் அவற்றிற்கே இடுக. எஞ்சியதே குழிக்குரியது.

2. கண்ணாடி, பிளாஸ்டிக், பழைய பாட்டரி ஆகியவற்றைத் தனியே பிரித்து வைக்கவேண்டும். கண்ணாடி உழுவோர் காலைக் கிழிக்கும். பிளாஸ்டிக்கைத் தின்ற மாடு மடிவதுமுண்டு. பாட்டரியின் நச்சு மண்ணிற் சேரும்.

3. நீர் தேங்காத மேட்டு நிலத்தில், கிணற்றிற்குத் தொலைவாக, 3 அடி ஆழமும் 5 அடி அகலமுமுள்ள குழிகள் இரண்டு வெட்டுக. ஒன்று மக்கும்போது மற்றொன்றை நிரப்பலாம்.

4. குப்பையை அரையடி உயரம் பரப்பி, சாணக்கரைசல் தெளித்து, மேலே சிறிது மண் தூவுக. இவ்வாறு அடுக்கடுக்காக நிரப்புக. கையில் எடுத்துப் பிழிந்தால் கை நனையவேண்டும், நீர் சொட்டலாகாது.

5. குவியல் தரைக்குமேல் ஓரடி உயர்ந்ததும், மண்ணும் சாணமும் குழைத்து மெழுகி மூடிவிடுக. ஐந்தாறு மாதங்களில் எரு பக்குவமாகும். மூடிய குழியில் ஈக்கள் முட்டையிடுவதில்லை; நாற்றமும் குறையும்.

6. விறகுச் சாம்பலைப் புதுச் சாணத்துடன் கலக்கலாகாது. கலந்தால் தழைச்சத்து ஆவியாகும். நனையாமற் சேமித்து, தென்னை, வாழைகளுக்குத் தனியே இடுக. களர் நிலத்திற்கு மட்டும் அது ஆகாது.

கிராம அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதிற் செய்யக்கூடியது மிகுதி. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைத் திறந்த வெளியில் எரித்தலை விலக்கின. ஆனால் எரிக்காதீர் என்று அறிவிப்பது மட்டும் போதாது; மனையில் இடமில்லாத குடும்பங்களுக்குப் பொதுக்குழி அமைக்க இடமும் காட்டவேண்டும்.

தை மாதத்திற்குள் குழியை மூடுவோர்க்கு ஆடிப்பட்டத்திற்கு எரு கைக்கு வரும். நாளொன்றுக்கு ஒரு கூடைதானே என்று எண்ணற்க. தெருவிலே வீசினால் ஊருக்கு நோயாவதும், குழியில் இட்டால் வயலுக்கு உரமாவதும் அந்த ஒரு கூடையே.