உணர்ச்சி வசப்படலும் உணர்ச்சியை வசப்படுத்தலும்



ஓர் அணி தோற்றுவிட்டால் பார்வையாளர் கூறும் காரணங்களுள் முதலில் வருவது, “ஆட்டத்தில் உணர்ச்சியே இல்லை” என்பதாகும். நியூவார்க் நகரில் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணி ஐஸ் ஹாக்கியில் தோற்கும் இரவிலும் இச்சொல்லைக் கேட்கிறோம். இந்திய ஹாக்கி அணி ஒலிம்பிக்கில் தோற்கும்போது தமிழ்நாட்டிலும் இதனையே கேட்கிறோம். எமது பள்ளிப் பிள்ளைகள் விளையாடும் சிறு ஆட்டங்களின் எல்லைக் கோட்டருகே நிற்கும் பெற்றோரும் இதனையே சொல்கின்றனர். இக்கூற்று உண்மைதானா? ஓர் அணி வெல்வதற்கு உணர்ச்சி மிகுதி வேண்டுமா? இவ்வினாவை ஒரு பாடமாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் ஒரு விளக்கம். தரையில் பந்தைக் கொண்டு ஆடும் ஹாக்கியைத் தமிழில் வளைகோற் பந்தாட்டம் என்பர். ஒவ்வோர் அணியிலும் பதினொருவர் ஆடுவர். பனித்தளத்தில் ரப்பர் வட்டைக் கொண்டு ஆடுவது ஐஸ் ஹாக்கி. அதில் அணிக்கு அறுவர் களத்தில் நிற்பர். நியூ ஜெர்சியில் வளரும் பிள்ளைகள் பின்னதை நன்கு அறிவர். முன்னது இந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் பெரிதும் மாணவியர் ஆடும் ஆட்டமாக உள்ளது. இரண்டிலிருந்தும் இங்கே சான்று காட்டுவோம்.

சிட்னியில் சிந்திய கண்ணீர்

தன்ராஜ் பிள்ளை 1968 ஆம் ஆண்டு, புனேயை அடுத்த கட்கியில், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். வறுமை காரணமாக, உடைந்த கோல்களை ஒட்டிக் கட்டி ஆட்டம் பழகியவர். 1992, 1996, 2000, 2004 ஆகிய நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடியவர். 1998 ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் தலைமையேற்ற அணி, முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தது. அவருடைய விரைவோட்டத்தைப் போலவே அவருடைய கோபமும் கண்ணீரும் பெயர் பெற்றவை. ‘உணர்ச்சி மிக்க ஆட்டக்காரர்’ என்றால் இந்திய ஹாக்கி அன்பர் நினைவுக்கு முதலில் வருபவர் அவரே.

2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இந்திய அணிக்கு ஒரு நல்வாய்ப்பு வந்தது. தன் பிரிவின் இறுதி ஆட்டத்தில் போலந்தை வென்றால் அரையிறுதிக்குச் செல்லலாம் என்பதே அந்நிலை. இந்தியா ஒரு கோல் முன்னிலையும் பெற்றது. ஆயினும் ஆட்டம் முடியவிருந்த கடைசி மணித்துளிகளில் போலந்து ஒரு கோல் போட்டு, 1-1 என்று சமன் செய்தது. அரையிறுதி வாய்ப்பு நழுவியது. இந்தியா ஏழாம் இடத்தோடு நாடு திரும்பியது. தன்ராஜ் கதறி அழுதார்.

அந்த அணியில் உணர்ச்சி குறைவு என்று எவரேனும் கூற இயலுமா? கண்ணீரே அதற்கு மறுமொழி. உணர்ச்சி அங்கே நிறைந்திருந்தது. இறுதிச் சில மணித்துளிகளில் ஒரு கோல் முன்னிலையைக் காப்பதற்கு வேண்டியது வேறொன்று. பந்தைத் தன்வசம் வைத்திருத்தல், தத்தம் இடத்தை விட்டு அகலாதிருத்தல், எதிரணியைத் தன் கோல் வட்டத்துக்குள் நுழையவிடாதிருத்தல் ஆகிய பொறுமையான வேலைகளே அவை.

மாஸ்கோவில் காத்த முன்னிலை

சிட்னியில் இந்திய அணியின் பயிற்றுநராயிருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். இருபது ஆண்டுகளுக்கு முன், 1980 ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில், இந்திய அணியின் தலைவராயிருந்தவரும் அவரே. அங்கே இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினுக்கு எதிராக இந்தியா மூன்று கோல் முன்னிலை பெற்றது. பின்னர் ஸ்பெயின் இரண்டு கோல்களைத் திருப்பியது. முகமது ஷாகித் நான்காவது கோலைப் போட்டார். ஸ்பெயின் மீண்டும் ஒன்றைத் திருப்பியது. நிலை 4-3. எஞ்சிய நேரம் முழுவதும் ஸ்பெயின் நெருக்கியது, இந்தியா தாங்கியது, தங்கம் கிடைத்தது. பல வலிய அணிகள் புறக்கணிப்புக் காரணமாக அப்போட்டிக்கு வரவில்லை என்பது உண்மையே. எனினும் மூன்று கோல் முன்னிலை ஒன்றாகச் சுருங்கிய வேளையில் தடுமாறாமல் நின்றமை அந்த அணியின் பெருமை.

மாஸ்கோவிலும் சிட்னியிலும் அணியின் முன் இருந்த வேலை ஒன்றே: கையிலுள்ள முன்னிலையை இறுதிவரை காத்தல். முன்னதில் அது நிறைவேறிற்று. பின்னதில் கடைசி வேளையில் தவறிற்று. ஆடியவரின் நாட்டுப்பற்றோ ஆர்வமோ ஈரிடத்தும் குறைவில்லை.

ஹட்சன் ஆற்றின் இரு கரைகளில்

அதே 1980 ஆம் ஆண்டில் இந்நாட்டிலும் ஒரு 4-3 வெற்றி நிகழ்ந்தது. நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட் நகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில், பெப்ரவரி 22 அன்று, அமெரிக்கக் கல்லூரி இளைஞர் பெரும்பான்மையாயிருந்த ஐஸ் ஹாக்கி அணி சோவியத் அணியை வென்றது. சோவியத் அணியோ முந்திய நான்கு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்ற அணி. ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்னர், எமது ஜெர்சி சிட்டிக்கு எதிர்க்கரையிலுள்ள மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில், இதே சோவியத் அணி இதே அமெரிக்க அணியை 10-3 என்று தோற்கடித்திருந்தது!

இவ்வெற்றியை உணர்ச்சியின் வெற்றியாகவே பலர் பேசுவர். ஆனால் அன்று தங்கம் கிடைத்துவிடவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இரண்டு நாட்களுக்குப் பின் அவ்வணி பின்லாந்துடன் மோதியது. முதல் இரு பகுதிகளின் முடிவில் 1-2 எனப் பின்தங்கியும் இருந்தது. பின்னர் 4-2 என்று வென்ற பிறகே தங்கம் உறுதியாயிற்று. நாடே கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில் தம் உணர்ச்சியைக் கட்டி, அடுத்த ஆட்டத்துக்கு எழுந்தமையே அவ்விளைஞரின் அருஞ்செயல்.

அவ்வணியின் பயிற்றுநர் ஹெர்ப் புரூக்ஸ், பின்னாளில் 1992-93 பருவத்தில் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியைப் பயிற்றினார். அவருக்குப் பின் வந்த ழாக் லெமேர், ஆட்டக்களத்தின் நடுப்பகுதியிலேயே எதிரணியின் வழியை அடைக்கும் முறையை அவ்வணிக்குக் கற்பித்தார். ‘சுவையற்ற ஆட்டம்’ என்று பலர் பழித்தனர். ஆனால் 1995 ஆம் ஆண்டில் டெட்ராய்ட் அணியை நான்கு ஆட்டங்களிலும் தொடர்ந்து வென்று, டெவில்ஸ் அணி தன் முதலாவது ஸ்டான்லி கிண்ணத்தைப் பெற்றது. 2000, 2003 ஆகிய ஆண்டுகளிலும் அக்கிண்ணம் நியூ ஜெர்சிக்கே வந்தது. பழித்தவர் கண்டது வெளித்தோற்றம். உள்ளே இருந்தது ஒழுங்கு.

அளவு என்னும் உண்மை

உணர்ச்சி மிகும்போது இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, கவனம் ஒரு புள்ளியில் குவிந்து சுருங்குகிறது. 1908 ஆம் ஆண்டில் எர்க்ஸ், டாட்சன் என்னும் இரு அமெரிக்க அறிஞர் எலிகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். கடினமான வேலையைக் கற்பதற்கு மிதமான தூண்டுதலே ஏற்றது என்றும், தூண்டுதல் அளவு மீறினால் கற்றல் குன்றுகிறது என்றும் அவர்கள் கண்டனர். எளிய வேலையோ வலிய தூண்டுதலையும் தாங்கியது. பின்வந்த விளையாட்டு உளவியலார் இக்கருத்தை ஆடுகளத்துக்கும் பொருத்திக் காட்டினர். எதிரணியாளரைத் துரத்திப் பின்னோக்கி ஓடுவதற்கு மிகுந்த வேகம் உதவும். மின்னலென வரும் பந்தைக் கோலால் அசையாமல் நிறுத்துவதற்கு அதே வேகம் இடையூறாகும்.

ஆட்ட விதிகளும் இதனையே உணர்த்துகின்றன. வளைகோற் பந்தாட்டத்தில் பச்சை அட்டை பெற்றவர் இரண்டு மணித்துளிகள் வெளியே அமர வேண்டும். மஞ்சள் அட்டைக்குக் குறைந்தது ஐந்து மணித்துளிகள். சிவப்பு அட்டை பெற்றவர் அவ்வாட்டத்துக்குத் திரும்புதல் இல்லை. ஐஸ் ஹாக்கியிலும் சிறு குற்றத்துக்கு இரண்டு மணித்துளிகள் தண்டனை உண்டு. ஒருவர் சினந்தால் எஞ்சியவர் அவருடைய வேலையையும் சுமக்க வேண்டும்.

அண்மைக்காலச் சான்றுகள் இரண்டு

டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 25 அன்று, இந்திய அணி ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று தோற்றது. நாணமும் சினமும் அணியைச் சிதறடித்திருக்கலாம். இரண்டு நாள் கழித்து அதே அணி ஸ்பெயினை 3-0 என்று வென்றது. ஆகஸ்டு 5 அன்று, வெண்கலப் பதக்க ஆட்டத்தில், ஜெர்மனிக்கு எதிராக 1-3 எனப் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு 5-4 என்று வென்றது. கடைசி நொடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னர் வாய்ப்பைக் கோல் காப்பாளர் ஸ்ரீஜேஷ் முறியடித்தார். நாற்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின், மாஸ்கோவை அடுத்துக் கிடைத்த முதல் ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் அதுவே.

2024 ஆகஸ்டு 4 அன்று பாரிசில் நடந்த காலிறுதியில், ஆட்டம் தொடங்கிய 17 ஆம் மணித்துளியிலேயே அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். நாற்பது மணித்துளிகளுக்கு மேலாகப் பதின்மரே பிரித்தானியாவைத் தாங்கினர். முறையிட்டு நேரத்தைப் போக்காமல், விட்டுப்போன இடத்தைப் பகிர்ந்து நிரப்பினர். 1-1 எனச் சமனான ஆட்டத்தை ஷூட் அவுட் முறையில் 4-2 என்று வென்றனர். இறுதியில் ஸ்பெயினை வென்று வெண்கலமும் பெற்றனர்.

தமிழ் இலக்கணம் கூறும் தீர்ப்பு

மாணவர்களே! இப்போது தலைப்பைப் பாருங்கள். ‘வசப்படு’ என்பது தன்வினை. ‘வசப்படுத்து’ என்பது பிறவினை. ‘அவன் உணர்ச்சி வசப்பட்டான்’ என்றால் ஆட்சி உணர்ச்சியின் கையில். அவன் அதற்கு அடிமை. ‘அவன் உணர்ச்சியை வசப்படுத்தினான்’ என்றால் ஆட்சி அவன் கையில். இரு தொடர்களிலும் உணர்ச்சி இருக்கிறது. அதன் அளவும் ஒன்றாயிருக்கலாம். எவர் எவரை ஆள்கின்றார் என்பதே வேறுபாடு.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவற்றுள் வெகுளியும் பெருமிதமும் இங்கே நோக்கத்தக்கவை. வெகுளி பிறப்பதற்குக் காரணங்களாக உடலுக்கும் குடிக்கும் பிறர் இழைக்கும் தீங்குகளை அந்நூல் காட்டுகிறது. பெருமிதத்துக்கோ ஒருவர் தாமே உடைய கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகியவற்றைக் காட்டுகிறது. வெகுளியின் சாவி எதிரணியின் கையில்; பெருமிதத்தின் சாவி நம் கையில். ஆகவே, அணிக்கு உணர்ச்சி வேண்டுமா என்ற வினாவுக்கு எமது விடை இது: உணர்ச்சி வேண்டும். அது வெகுளியாக அன்றி, பயிற்சியால் வந்த பெருமிதமாக இருத்தல் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்

இளையோரின் உணர்ச்சியைத் தூண்டுதல் எளிது. தூண்டியவர் அதன் விளைவுக்குப் பொறுப்பேற்றல் அரிது. போர் சூழ்ந்த நாட்டில் ஆசிரியப் பணி செய்த காலத்திலேயே நாம் இதனைக் கண்கூடாகக் கண்டோம். முன்வரிசைப் பிள்ளைகளின் இருக்கைகள் ஒவ்வொன்றாக வெறுமையான வகுப்பறையில் நின்று பாடம் நடத்தியவர் இதனை மறக்க இயலாது. ஆடுகளம் போர்க்களம் அன்று என்பது உண்மை. எனினும், இழந்த மண்ணின் ஏக்கத்தையும், வந்த மண்ணில் நாம் பட்ட சிறுமைகளையும் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றி, “வெறியோடு ஆடு” என்று களத்துக்கு அனுப்புதல் தகாது.

எல்லைக் கோட்டருகே நின்று, “இன்னும் ஆவேசமாக ஆடு” என்று கூவுவதற்கு மாறாக, “உன் இடத்துக்குத் திரும்பு” என்று சொல்லுங்கள். முன்னதைப் பிள்ளை எவ்வாறு நிறைவேற்றுவது? பின்னதை உடனே நிறைவேற்றலாம். எமது பள்ளிப் பேச்சுப் போட்டிக்கும் இது பொருந்தும். “உணர்ச்சியோடு பேசு” என்னும் அறிவுரை பெற்ற பிள்ளை உரக்கக் கத்துகிறது. பொருளுணர்ந்து பயின்ற பிள்ளையின் குரலில் உணர்ச்சி தானே வருகிறது.

தோற்றபின் பிள்ளை அழுதால் அதனைத் தடுக்காதீர்கள். தன்ராஜ் சிந்திய கண்ணீர் இழுக்கன்று. அது அவர் ஆட்டத்தின் மீது கொண்ட அன்பின் அடையாளம். ஆட்டம் முடிந்தபின் அழலாம். அடுத்த நாள் பயிற்சிக்குச் செல்லவும் வேண்டும்.

பயிற்சி

1. ‘திருந்து’, ‘அடங்கு’, ‘ஓடு’ ஆகிய தன்வினைகளைப் பிறவினைகளாக மாற்றி, ஒவ்வொன்றையும் விளையாட்டைப் பற்றிய ஒரு தொடரில் அமைத்து எழுதுக.

2. மாஸ்கோ, சிட்னி ஆகிய இரு ஆட்டங்களையும் ஒப்பிட்டுப் பத்து வரிகளில் எழுதுக.

3. எதிரணி ஒரு கோல் போட்டவுடன் நீவிர் செய்யவேண்டிய மூன்று செயல்கள் எவை? பெற்றோருடன் கலந்து பேசி, உம் விடையை அடுத்த வகுப்புக்குக் கொண்டு வருக.